கடல் புறாவும் கடாரத்து அரியணைப் போரும்: வரலாற்றுப் புதினம் ஒன்றைப் பினாங்கிலிருந்து வாசித்தல்

முன்னுரை

தமிழில் வரலாற்றுப் புதினம் என்றதும் கல்கியும் அவரையடுத்துச் சாண்டில்யனும் நினைவுக்கு வருவது இயல்பு. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்து, சோழர் அரியணைக்கான உட்பூசலைத் தமிழ் வாசகர் அனைவருக்கும் அறிமுகப்படுத்தியது. அதன்பின் 'குமுதம்' இதழில் தொடராக வந்து, 1967இல் மூன்று பாகங்கள் கொண்ட நூலாக வெளியான சாண்டில்யனின் 'கடல் புறா' கதைக்களத்தைச் சோழநாட்டிற்கு வெளியே, வங்கக் கடலுக்கு அப்பால் நகர்த்தியது. ஸ்ரீவிஜயத்தின் அரியணைக்காக ஒரே அரச குடும்பத்தினர் இருவரிடையே மூண்ட போட்டியில் சோழர் தலையிடுவதே அதன் கதைப்பொருள். அப்போட்டியின் மையத்தில் உள்ள நாடு கடாரம்.

கடாரம் இன்றைய கெடா மாநிலம் என்பதை ஆய்வாளருள் மிகப் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டுள்ளனர். பினாங்குத் தீவின் வடகரையில் நின்று வானம் தெளிவாக உள்ள நாளில் நோக்கின், கடலுக்கு அப்பால் 1,217 மீட்டர் உயரமுள்ள குனோங் ஜெராய் மலையைக் காணலாம். பழங்காலத்தில் வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிகளுக்கு அம்மலையே கரையறியும் அடையாளமாக விளங்கியது. தமிழகத்து வாசகருக்குக் 'கடல் புறா' தொலைதூரத் தீவுகளின் கதை. பினாங்குத் தமிழருக்கோ அது தம் வாசலில் நடந்த கதை. இவ்வேறுபாடு அப்புதினத்தை வாசிக்கும் முறையையே மாற்றிவிடுகிறது.

இக்கட்டுரை மூன்று வினாக்களை எழுப்பிக்கொள்கிறது. புதினம் கூறும் அரியணைப் போருக்கு வரலாற்றுச் சான்று யாது? சான்று நின்றுவிடும் இடத்தில் புதின ஆசிரியர் எதனைக் கொண்டு இடைவெளியை நிரப்புகிறார்? இந்நாட்டில் தமிழ் கற்பிக்கும் நாம் இப்புதினத்தை மாணவரிடம் எவ்வாறு கொண்டு செல்வது? மூன்றாம் வினாவிற்கு விடை காணும் பொருட்டே முதலிரண்டையும் ஆராய முற்படுகிறோம்.

புதினமும் அதன் களமும்

சாண்டில்யன் என்னும் புனைபெயர் கொண்ட பாஷ்யம் ஐயங்கார் (1910–1987) இதழாளராகப் பணியாற்றியவர். வார இதழ்த் தொடருக்குரிய வேகமும், ஒவ்வோர் இயலின் முடிவிலும் வாசகரை நிறுத்தி வைக்கும் உத்தியும் அவருக்குக் கைவந்தவை. 'கடல் புறா'வின் தலைவன் கருணாகரத் தொண்டைமான். சமாதான ஓலையுடன் கலிங்கத்தின் பாலூர்ப் பெருந்துறைக்கு வரும் அவன், அங்குத் தமிழர் சிறைப்படுத்தப்படுவதை அறிகிறான்; கடாரத்து இளவரசி காஞ்சனாதேவியையும் அவள் தந்தை குணவர்மனையும் சந்திக்கிறான். ஸ்ரீவிஜய அரியணையில் இருக்கும் ஜெயவர்மனுக்கு எதிராகச் சோழரின் துணையை நாடி வந்தவன் குணவர்மன். பின்னாளில் முதற் குலோத்துங்கனாக முடிசூடவிருக்கும் இளவரசன் இப்புதினத்தில் அநபாயன் என்ற பெயருடன் உலவுகிறான். அகூதா என்னும் சீனக் கடற்கொள்ளைத் தலைவனிடம் கடற்போர் பயின்று, புறாவின் வடிவில் அமைந்த மரக்கலமொன்றைக் கொண்டு கருணாகரன் ஸ்ரீவிஜயத்தின் கடல்வலிமையைக் குலைப்பதாகக் கதை விரிகிறது. அக்கலத்தின் பெயரே நூலின் பெயராயிற்று.

இப்புதினம் வெளிவந்த சூழல் கருதத்தக்கது. 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் தலைவராக இருந்த தனிநாயகம் அடிகளார் அதற்கு முதன்மைக் காரணர். தென்கிழக்காசியாவுடன் தமிழர் கொண்டிருந்த தொன்மைத் தொடர்பு அக்காலத்தில் அறிஞர் அவைகளில் பேசுபொருளாயிற்று. பொதுவாசகரிடையே அதே பொருளைப் பரப்பியது 'கடல் புறா'. நாகப்பட்டினத்தையும் பினாங்கையும் இணைத்த 'ரஜூலா' என்னும் பயணிகள் கப்பல் 1970களின் தொடக்கம் வரை ஓடிக்கொண்டிருந்தது. அதில் வந்து இறங்கியோருக்கும் அவர்தம் மக்களுக்கும் புதினத்தின் கடல்வழி கற்பனை வழியன்று. தாம் கடந்த வழியே ஆகும்.

அரியணைப் போருக்கான சான்றுகள்

சோழர்–கடாரத் தொடர்பின் வரலாறு போரில் தொடங்கவில்லை என்பதை முதற்கண் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். ஆனைமங்கலச் செப்பேடுகள் எனவும் லெய்டன் செப்பேடுகள் எனவும் வழங்கும் ஆவணங்களுள் பெரியது, கடாரத்தரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்திற்கு முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்ததைக் கூறுகிறது. சைலேந்திர மரபினனாகிய சூளாமணிவர்மன் தொடங்கிய அப்பணியை அவன் மகன் மாறவிசயோத்துங்கவர்மன் நிறைவேற்றினான். ஆக, பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடாரத்தின் தடம் தமிழ் மண்ணில் கட்டடமாக நின்றது.

இருபது ஆண்டுகளுக்குள் நிலை மாறியது. முதலாம் இராசேந்திரனின் கடற்படை 1025ஆம் ஆண்டளவில் ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் அவற்றைச் சார்ந்த துறைமுகங்களையும் தாக்கியது. கடாரத்தரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மன் பிடிபட்டான். தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள மெய்க்கீர்த்தி இத்துறைமுகங்களை வரிசையாகப் பட்டியலிடுகிறது. படையெடுப்பின் காரணத்தை அது கூறவில்லை. சீனத்தோடு நிகழ்ந்த வணிகத்தின் கடல்வழியை ஸ்ரீவிஜயம் கட்டுப்படுத்தியதே காரணம் என்பது இன்று பலரும் ஏற்கும் விளக்கமாகும்.

'கடல் புறா' எடுத்துக்கொள்வது இப்படையெடுப்பை அன்று. அதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பிற்பட்ட நிகழ்ச்சியொன்றையே அது அடித்தளமாகக் கொள்கிறது. வீரராசேந்திரனின் ஏழாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த பெரும்பேர்க் கல்வெட்டு, தன்னை அடைந்து உதவி வேண்டிய மன்னனுக்காக அவன் கடாரத்தை வென்றதையும், வென்ற நாட்டை அம்மன்னனுக்கே அளித்ததையும் தெரிவிக்கிறது. வீரராசேந்திரன் 1063 முதல் 1070 வரை ஆண்டவன். எனவே இது 1068–1070 அளவில் நிகழ்ந்திருத்தல் வேண்டும். உதவி வேண்டி வந்த மன்னன் ஒருவன் இருந்தான் எனின், அவனைத் துரத்திய மற்றொருவனும் இருந்திருப்பான். கடாரத்தில் உள்நாட்டுப் போர் நிகழ்ந்தது என்னும் முடிவிற்கு ஆய்வாளரை இட்டுச் செல்வது இச்சிறு குறிப்பே ஆகும்.

ஆயின் கல்வெட்டு அவ்விருவர் பெயரையும் கூறவில்லை. அவர்களுக்கிடையே இருந்த உறவையும், போர் எத்தனை நாள் நிகழ்ந்தது என்பதையும், படை நடத்தியவர் இன்னார் என்பதையும் கூறவில்லை. குணவர்மன், ஜெயவர்மன் ஆகிய பெயர்கள் சாண்டில்யன் வழங்கியவை. செப்பேடுகளில் காணப்படும் கடாரத்தரசர் பெயர்கள் 'வர்மன்' என முடிவதால் அப்பெயர்கள் இயல்பாகப் பொருந்திவிடுகின்றன. அப்பொருத்தமே அவற்றை வரலாற்றுப் பெயர்களாக நம்பச் செய்கிறது. மேடைப் பேச்சுகளில் குணவர்மன் உண்மையான அரசனாகவே எடுத்துரைக்கப்படுவதை நாம் கேட்டிருக்கிறோம். இது புதினத்தின் வெற்றி. ஆனால் வரலாற்றாசிரியரும் மொழியாசிரியரும் எச்சரிக்கை கொள்ளவேண்டிய இடமும் அதுவே.

சோழநாட்டில் எழுந்த அரியணைச் சிக்கல்

கடாரத்தின் அரியணைப் பூசலைத் தீர்த்து வைத்த சோழரின் சொந்த அரியணை அதே ஆண்டுகளில் ஆட்டங்கண்டது. 1070இல் வீரராசேந்திரன் இறந்தபின் அவன் மகன் அதிராசேந்திரன் முடிசூடினான். மேலைச் சாளுக்கிய இளவரசன் ஆறாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்கும் கங்கைகொண்ட சோழபுரத்திற்கும் வந்து தன் மைத்துனனை அரியணையில் அமர்த்தியதாகவும், அவன் திரும்பிய சில நாள்களிலேயே உள்நாட்டுக் கலகத்தில் அதிராசேந்திரன் உயிரிழந்ததாகவும் பில்கணரின் 'விக்கிரமாங்கதேவ சரிதம்' கூறுகிறது. அதன்பின் அரியணை ஏறியவன் வேங்கிச் சாளுக்கிய இராசராச நரேந்திரனுக்கும் முதலாம் இராசேந்திரனின் மகள் அம்மங்கதேவிக்கும் பிறந்த இராசேந்திரன். அவனே முதற் குலோத்துங்கன்.

அரியணை ஏறுவதற்கு முன் குலோத்துங்கன் எங்கிருந்தான்? அவனுடைய தொடக்கக்கால மெய்க்கீர்த்திகள் வயிராகரம், சக்கரக்கோட்டம் ஆகிய இடங்களில் அவன் இளமையிற் பெற்ற வெற்றிகளைப் பேசுகின்றன. கதிரவன் உதிக்கும் திசையிலுள்ள நிலமகளை அவன் எடுத்து நிறுத்தியதாகவும் ஒரு குறிப்பு வருகிறது. அத்திசை வேங்கியைச் சார்ந்த கீழ்நாடு எனச் சிலரும் கடாரம் எனச் சிலரும் பொருள் கொண்டனர். சீனச் சான்றுகள் இச்சிக்கலை மேலும் வளர்த்தன. 1077இல் சோழநாட்டிலிருந்து 72 பேர் கொண்ட தூதுக்குழு சீனம் சென்றபோது சீன வரலாற்று ஆவணம் சோழ மன்னனுக்கு வழங்கிய பெயரும், கான்டன் நகரத் தாவோயியக் கோயிலின் 1079ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஸ்ரீவிஜயத்தின் தலைவனுக்கு வழங்கிய பெயரும் பெரிதும் ஒத்துள்ளன. இருவரும் ஒருவரே என்றும், அவர் குலோத்துங்கனே என்றும் 1964இல் வெளிவந்த ஆய்வொன்று வாதிட்டது; பின்வந்தோர் பலர் இதனை ஐயுறுகின்றனர்.

சாண்டில்யன் புதினம் எழுதிய ஆண்டுகளில் இவ்விவாதம் சூடாக நிகழ்ந்துகொண்டிருந்தது. வேங்கியில் தன் உரிமையைச் சிற்றப்பனிடம் இழந்து நின்ற இளவரசன் ஒருவன், தன்னைப் போலவே உரிமை இழந்த வேற்று நாட்டு அரசனுக்குத் துணை நிற்கிறான் என்பது புதின ஆசிரியருக்குக் கிடைத்தற்கரிய கருப்பொருளாகும். இரு நாடுகளின் அரியணைச் சிக்கல்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திக் காட்டியமையே 'கடல் புறா'வின் அமைப்புச் சிறப்பு என நாம் கருதுகிறோம்.

இங்கு ஒன்றைச் சுட்டுதல் தகும். 'அநபாயன்' என்னும் பட்டப்பெயர் சேக்கிழாரின் காலத்தவனாகிய இரண்டாம் குலோத்துங்கனுக்கே சிறப்பாக வழங்குவது. அதனை முதற் குலோத்துங்கனின் இளமைப் பெயராக வைத்திருப்பது, புதினத்தை வாசித்துவிட்டுப் பெரியபுராண வகுப்பிற்கு வரும் மாணவரிடம் குழப்பத்தை உண்டாக்குகிறது.

கருணாகரனின் வயது

கருணாகரத் தொண்டைமான் வரலாற்று மாந்தனே. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி பாடும் கலிங்கப் போரின் படைத்தலைவன் அவன். வண்டை நகர்க்குரியவனாகவும் பல்லவ மரபினனாகவும் அவன் போற்றப்படுகிறான். அப்போர் 1110–1112 அளவில் நிகழ்ந்தது. புதினத்தின் கதையோ வீரராசேந்திரன் ஆட்சியில், அதாவது அதற்கு நாற்பதாண்டுகளுக்கும் மேற்பட்ட காலத்திற்கு முன், நிகழ்கிறது. அப்போது அவன் இருபத்தைந்து வயது இளைஞன் எனக் கொள்வோமாயின், கலிங்கத்தை வெல்லும்போது அறுபத்தைந்தைக் கடந்திருப்பான். இது நடக்கவியலாதது அன்று. எனினும் கடாரப் படையெடுப்பில் கருணாகரன் பங்கு கொண்டான் என்பதற்குச் சான்று இல்லை. பரணியின் முதிர்ந்த வீரனுக்குச் சாண்டில்யன் ஓர் இளமையைப் படைத்துக் கொடுத்தார் என்பதே பொருத்தமான விளக்கமாகும்.

வரலாற்றுப் புதினத்தில் இத்தகைய கால மாற்றம் புதியதன்று. ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1883இல் தொடராக எழுதி 1888இல் நூலாக வெளியிட்ட 'கருப்பு அம்பு', இங்கிலாந்தில் பதினைந்தாம் நூற்றாண்டில் இரு அரச கிளையினர் நிகழ்த்திய 'ரோசாப்பூப் போர்' என்னும் உள்நாட்டுப் போரைக் களமாகக் கொண்டது. பின்னாளில் மூன்றாம் ரிச்சர்டு மன்னனாக முடிசூடியவன் அதில் கொடிய வீரனாகப் படை நடத்துகிறான். கதை நிகழும் காலத்தில் உண்மையான ரிச்சர்டு பத்து வயதை எட்டாத சிறுவன். அவன் பிறந்தது 1452இல். ஸ்டீவன்சன் இதனை மறைக்கவில்லை. தம் நூலின் அடிக்குறிப்பிலேயே ரிச்சர்டின் வயது உண்மையில் மிகக் குறைவு எனத் தெரிவித்துவிடுகிறார். புனைவு எங்குத் தொடங்குகிறது என்பதை வாசகருக்கு அறிவிக்கும் நேர்மை அது. தமிழ்ப் பதிப்புகளிலும் இத்தகைய குறிப்புகள் இடம்பெறின் வகுப்பறைக்குப் பெரும்பயன் விளையும்.

இரு புதினங்களுக்கும் இடையே வேறொரு வேறுபாடும் உண்டு. ஜார்ஜ் லூகாச் வரலாற்றுப் புதினம் பற்றிய தம் நூலில், வால்டர் ஸ்காட்டின் கதைத்தலைவர் போரிடும் இரு தரப்பிற்கும் நடுவே நிற்கும் இடைநிலை மாந்தராக அமைவதைச் சிறப்பித்துக் கூறுவார். இரு தரப்பின் நியாயமும் அவர் வழியே வாசகருக்குப் புலனாகும். ஸ்டீவன்சனின் தலைவனும் தரப்பு மாறுகிறான். தன் செயலால் தொடர்பற்ற மாலுமி ஒருவன் வாழ்வு அழிந்ததை உணர்ந்து வருந்துகிறான். கருணாகரன் அத்தகையவன் அல்லன். அவன் தொடக்கம் முதல் இறுதிவரை சோழரின் ஆள். அவனுடைய தயக்கம் காதலில் உண்டே அன்றி அரசியலில் இல்லை. உண்மையில் இரு தரப்பிற்கும் நடுவே நிற்பவள் காஞ்சனாதேவி. தன் தந்தையின் உரிமை வெல்லவேண்டுமாயின் தன் நாட்டுத் துறைமுகங்கள் அயலாரின் கலங்களால் தாக்கப்படவேண்டும் என்னும் நெருக்கடி அவளுடையது. அந்நெருக்கடியை முழுமையாக விரித்திருப்பின் 'கடல் புறா' வேறொரு தளத்திற்கு உயர்ந்திருக்கும்.

கடாரம்: ஏட்டிலிருந்து மண்ணிற்கு

கடாரம் எங்குள்ளது என்பதே ஒரு காலத்தில் தெளிவற்றிருந்தது. தொடக்கக்கால ஆய்வாளர் சிலர் அதனைப் பர்மாவில் தேடினர். ழார்ழ் செதே 1918இல் ஸ்ரீவிஜயம் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டபின்னரே கெடாவுடன் அது உறுதியாக இணைக்கப்பட்டது. நீலகண்ட சாஸ்திரியார் தம் சோழர் வரலாற்றிலும், 1949இல் வெளிவந்த ஸ்ரீவிஜய வரலாற்றிலும் இக்கருத்தை வளர்த்தெடுத்தார். பட்டினப்பாலையில் வரும் 'காழகம்' என்னும் சொல்லுக்கு நச்சினார்க்கினியர் கடாரம் எனப் பொருள் கூறியிருப்பதையும் தமிழாசிரியர் அறிவர்.

மண்ணில் கிடைத்த சான்றுகளின் வரலாறு பினாங்கோடு நெருங்கிய தொடர்புடையது. இன்று செபராங் பிறை எனப்படும் பகுதியில் அலுவலராகப் பணியாற்றிய ஜேம்ஸ் லோ 1834இல் கண்டெடுத்த கல்வெட்டு, இரத்தமிருத்திகை என்னும் ஊரைச் சேர்ந்த புத்தகுப்தன் என்ற பெருமாலுமியின் பெயரைத் தாங்கியது. அது ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கணிக்கப்படுகிறது. புக்கிட் மெர்தாஜாம் அருகே செரோக் தோக் குன் என்னுமிடத்துப் பாறை எழுத்துகளையும் 1845இல் அவரே வெளிப்படுத்தினார். 1936–37இல் குவாரிட்ச் வேல்ஸ் பூஜாங் பள்ளத்தாக்கில் விரிவான அகழ்வுகளை மேற்கொண்டார். 1959–60இல் அலாஸ்டர் லாம்பின் மேற்பார்வையில் புக்கிட் பத்து பகாட் கோயிலின் அடித்தளம் மறுசீரமைக்கப்பட்டது. 1980இல் மெர்போக்கில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2007 முதல் சுங்கை பத்து பகுதியில் இரும்பு உருக்கும் உலைக்களங்களை வெளிக்கொணர்ந்தனர். 2023–24இல் புக்கிட் சோராஸ் அகழ்வில் சுதையால் ஆன பௌத்த உருவங்களும் கிடைத்தன.

இச்சான்றுகள் காட்டும் கடாரம் புதினத்தின் கடாரத்தினின்றும் வேறுபட்டது. புதினத்தில் அது கோட்டையும் அரண்மனையும் கொண்ட போர்க்களம். அகழ்வுகளிலோ அது துறைமுகம், உலைக்களம், வணிகர் தம் வழிபாட்டிற்கென எழுப்பிய சிறு கோயில்களின் தொகுதி. பெங்காலான் பூஜாங்கில் மிகுதியாகக் கிடைக்கும் சீனப் பீங்கான் ஓடுகள், சோழர் தாக்கிய நூற்றாண்டிலும் அதன் பின்னரும் அங்கு வணிகம் தழைத்தமையை உணர்த்துகின்றன. படையெடுப்பு துறைமுகத்தை அழித்துவிடவில்லை. 1090இல் கடாரத்தரசனின் தூதர் இருவர் முதற் குலோத்துங்கனிடம் வந்து, நாகப்பட்டினத்து விகாரத்திற்குரிய ஊர்களின் வரிவிலக்கை வேண்டிப் பெற்றதைச் சிறிய ஆனைமங்கலச் செப்பேடு குறிக்கிறது. அதற்கு ஈராண்டு முன், 1088இல், சுமத்திராவின் பாருசில் தமிழ் வணிகக் குழுவினர் தமிழில் கல்வெட்டுப் பொறித்தனர். போர் ஓரிரு பருவங்களில் முடிந்தது. வணிகமும் வழிபாடும் நூற்றாண்டுகள் தொடர்ந்தன.

இம்மண்ணின் நினைவு

சோழர் படையெடுப்பைத் தமிழ் மெய்க்கீர்த்தி ஒருவாறு நினைவில் வைத்தது. மலாய் மரபு வேறொருவாறு நினைவில் வைத்தது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்றைய வடிவம் பெற்ற 'செஜாரா மெலாயு'வில், இந்திய நாட்டிலிருந்து பெரும்படையுடன் வந்து கங்கா நகரத்தைத் தாக்கும் ராஜா சூலான் என்னும் பேரரசன் வருகிறான். சூலான் என்பது சோழன் என்பதன் திரிபு எனவும், அக்கதையில் பதினோராம் நூற்றாண்டுப் படையெடுப்பின் எதிரொலி உண்டு எனவும் பலர் கருதுவர். அப்பனுவலில் ராஜா சூலான் வெறும் பகைவன் அல்லன். வென்ற நாட்டு இளவரசியை அவன் மணக்கிறான். கடலடி உலகிற்குச் சென்று அங்கும் ஓர் இளவரசியை மணக்கிறான். அம்மரபில் வந்தோரே மலாக்கா அரசரின் முன்னோர் எனப் பனுவல் உரைக்கிறது.

போரை மணவுறவாக மாற்றும் இவ்வுத்தியைச் சாண்டில்யனிடமும் காண்கிறோம். கடாரத்தை வெல்லச் செல்பவன் கடாரத்து இளவரசியின் காதலன் ஆகிறான். ஆகவே வெற்றி கொள்ளையாகத் தோன்றாமல் உறவாகத் தோன்றுகிறது. நானூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட மலாய்ப் பனுவலும் இருபதாம் நூற்றாண்டுத் தமிழ்ப் புதினமும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே முடிவிற்கு வந்திருப்பது வியத்தற்குரியது. தாக்குண்டவரின் வழித்தோன்றல்கள் தாக்கியவனை மூதாதையாக ஏற்றனர். தாக்கியவரின் மொழியில் எழுதியவர் தாக்குதலை உதவியாகக் கண்டார். பகையை அப்படியே விட்டுவைக்க இரு மரபுகளும் விரும்பவில்லை.

வகுப்பறையில் கடல் புறா

மலேசியத் தமிழருள் பெரும்பாலோர் பத்தொன்பது, இருபதாம் நூற்றாண்டுகளில் கரும்பு, காப்பி, இரப்பர்த் தோட்டங்களுக்கு உழைக்க வந்தோரின் வழிவந்தவர்கள். செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்கள் அவ்வரலாற்றின் முதல் அதிகாரங்களுள் ஒன்று. கூலியாக வந்தவர் என்னும் அடையாளத்தைச் சுமந்த சமுதாயத்திற்கு, 'கடாரம் கொண்டவர்' என்னும் அடையாளம் நிமிர்வைத் தந்தது. 'கடல் புறா' இங்குப் பெற்ற வரவேற்பிற்கு இதுவும் ஒரு காரணம். அந்நிமிர்வை எளிதாக எள்ளிவிடுதல் முறையன்று. தன் வரலாறு கங்காணியின் பேரேட்டிலிருந்து தொடங்கவில்லை என அறியும் மாணவன் பெறும் தன்னம்பிக்கை மெய்யானது.

ஆயினும் அந்நிமிர்வை வெற்றியின்மீது மட்டும் கட்டுவோமாயின் இரு இழப்புகள் நேரும். முதலாவது, அண்டை வீட்டாருக்கு அப்பெருமை எவ்வாறு ஒலிக்கும் என்பதை நாம் மறந்துவிடுவோம். ஒருவர் கொண்டதாகக் கூறும் நாடு மற்றொருவரின் தாய்நிலம். பெரும்பேர்க் கல்வெட்டே வென்ற நாடு திருப்பி அளிக்கப்பட்டதைப் பதிவு செய்திருக்க, நாம் முற்பகுதியை மட்டும் ஓதுவது சான்றிற்கும் பொருந்தாது. இரண்டாவது, மன்னரைத் தேடும் கண்ணிற்கு வணிகரும் மாலுமியரும் கற்றச்சரும் இரும்புக் கொல்லரும் புலப்படார். தோட்டத்தில் உழைத்தவரின் வழிவந்தோர்க்குப் பூஜாங் பள்ளத்தாக்கின் உழைப்பாளிகள் மன்னரைக் காட்டிலும் நெருங்கிய உறவினர் அல்லரோ?

இவ்விடத்து ஒரு கசப்பான நிகழ்ச்சியைக் குறிப்பிடாதிருக்க இயலாது. 2013இல் பூஜாங் பள்ளத்தாக்கின் பதினொன்றாம் எண் கோயில் அடித்தளம், தனியார் நிலத்தில் நிகழ்ந்த வீடமைப்புப் பணிக்காக இடிக்கப்பட்டது. செய்தி வெளியானபின் பல இனத்தவரும் கண்டனம் தெரிவித்தனர். ஆனால் அதற்கு முன்னர் அதனை அறிந்திருந்தோர் எத்தனை பேர்? காஞ்சனாதேவியின் எழிலை வரிவரியாக நினைவில் வைத்திருந்த வாசகருள் அக்கோயிலை நேரிற் கண்டோர் மிகச் சிலரே ஆவர். கற்பனைக் கடாரம் நம் நெஞ்சில் வளர்ந்த அளவிற்கு மண்ணிலுள்ள கடாரம் வளரவில்லை. புதினத்தின் குற்றம் அன்று அது. புதினத்தோடு நின்றுவிட்ட கல்வியின் குறை.

எனவே தமிழாசிரியர் கருத்திற்கு ஒரு பாடமுறையை முன்வைக்கிறோம். இடைநிலைப்பள்ளி மேல் வகுப்புகளிலும் ஆறாம் படிவத்திலும் பயிலும் மாணவருக்குக் 'கடல் புறா'வின் சில இயல்களை மூன்று ஆவணங்களோடு இணைத்துக் கற்பிக்கலாம்: பெரும்பேர்க் கல்வெட்டின் செய்தி, ஆனைமங்கலச் செப்பேடுகளின் செய்தி, 'செஜாரா மெலாயு'வின் ராஜா சூலான் கதை. ஒவ்வொன்றும் யார் பேசுவது, யாரிடம் பேசுவது, எதனைச் சொல்லாது விடுகிறது என்னும் மூன்று வினாக்களை மாணவரே எழுப்பட்டும். குணவர்மன் என்னும் பெயர் எங்கிருந்து வந்தது, கருணாகரனின் வயது என்ன என்பவற்றை அவர்களே கணக்கிடட்டும். பின்னர் ஒரு நாள் மெர்போக் அருங்காட்சியகத்திற்கும் புக்கிட் பத்து பகாட் கோயிலுக்கும் அழைத்துச் செல்லலாம். பினாங்குப் பாலத்தைக் கடந்து வடக்கே செல்லும் பேருந்து காலையில் புறப்பட்டால் மாலைக்குள் திரும்பிவிடும். சோழர் கலங்கள் பல வாரம் கடந்த தொலைவின் கடைசிப் பகுதி அது.

முடிவுரை

'கடல் புறா' வரலாற்று நூல் அன்று. ஆனால் வரலாற்றின் வாயிலாக விளங்குவது. பெயரற்ற ஒரு மன்னன் அடைக்கலம் புகுந்தான் என்னும் கல்வெட்டுக் குறிப்பிலிருந்து மூன்று பாகங்கள் கொண்ட கதையுலகைச் சாண்டில்யன் எழுப்பினார். அரியணைக்காக உறவினர் மோதுவதும், அம்மோதலில் அயலார் நுழைவதும் கடாரத்திற்கு மட்டுமன்றிச் சோழநாட்டிற்கும் அதே ஆண்டுகளில் நேர்ந்தமையைப் புதினத்தின் கதையமைப்பு வழியே நாம் உணர்கிறோம். காலத்தையும் பட்டப்பெயரையும் அவர் மாற்றி வைத்தது புனைவின் உரிமை. அதனைப் பிரித்தறிந்து காட்டுவது கற்பிப்போரின் கடமை.

கடாரத்தோடு தமிழர் கொண்ட உறவில் போர் ஒரு பகுதியே. நாகப்பட்டினத்தில் கடாரத்தரசன் எழுப்பிய விகாரமும், பூஜாங் ஆற்றங்கரையில் வணிகரும் கற்றச்சரும் எழுப்பிய கோயில்களும் அதே உறவின் நீண்ட பகுதிகள். விகாரத்தின் எஞ்சிய கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டது. பதினொன்றாம் எண் கோயில் 2013இல் இடிக்கப்பட்டது. கடலின் இருகரையிலும் இழப்பு நேர்ந்துவிட்டது. எஞ்சியிருப்பவற்றை அறிந்து காப்பதற்கு, புதினம் ஊட்டிய ஆர்வத்தை மாணவரிடம் மண்ணை நோக்கித் திருப்பிவிடுதல் இன்று நம் கையில் உள்ள பணியாகும்.